கொறங்காட்டில் பார்த்தீனியம்: கொழுக்கட்டைப்புல் கைகொடுக்குமா?

கேள்வி: தாராபுரம் பக்கத்தில் 4 ஏக்கர் கொறங்காட்டில் (வேலியடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலத்தில்) மாடுகளும் செம்மறிகளும் மேய்க்கிறேன். பார்த்தீனியக் களையை எத்தனை முறை பிடுங்கினாலும் அடுத்த மழைக்கு மீண்டும் முளைக்கிறது. தீவனப் புல்லான கொழுக்கட்டைப்புல்லை விதைத்தால் அடங்குமா?

பதில்: அடங்கும், மேய்ச்சல் முறையையும் சேர்த்துத் திருத்தினால். ஒரு பார்த்தீனியச் செடி 15,000 விதைகளுக்கு மேல் உதிர்க்க வல்லது; ஆகவே பிடுங்கிய இடம் வெறுந்தரையாகக் கிடக்கும் வரை, ஈரம் பட்டதும் மண்ணிலுள்ள விதைகள் முளைத்தே தீரும். இளம்பருவத்தில் அதன் இலைகள் தரையோடு வட்டமாகப் படிந்திருக்கும். அந்த நிலையில் அடர்ந்த புல்லின் நிழல் விழுந்தால் அது தண்டுவிட்டு எழ முடியாமல் நலிந்துபோகும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மேய்ச்சல் நிலங்களிலும் இக்களைக்கு எதிராக இதே புல் பயன்படுகிறது. அளவுக்கு மீறி மேய்க்கப்பட்ட நிலத்தில் மட்டும் புல் தோற்றுவிடுகிறது. அங்கே 1960-இல் டெக்சாஸிலிருந்து வந்த புல்விதையோடுதான் பார்த்தீனியம் ஒரு பகுதிக்குள் புகுந்தது என்பதையும் நினைவில் வைத்து, சுத்தமான விதையாகப் பார்த்து வாங்குங்கள்.

செடி பூப்பதற்கு முன், மண் ஈரமாயிருக்கும்போது, கையுறை அணிந்து வேரோடு பிடுங்குங்கள். பூத்த செடியை எருக்குழியில் போட வேண்டாம். புரட்டாசி மழையை ஒட்டி ஏக்கருக்குச் சுமார் 3 கிலோ புல்விதையை மணலுடன் கலந்து தூவி, முள்கிளையை இழுத்து மேலாக மூடினால் போதும். ஆழத்தில் புதைந்த விதை எழாது. புதிதாகச் சேகரித்த விதைக்கு உறக்கநிலை உண்டு என்பதால், சில மாதங்கள் இருப்பு வைத்த விதையே நன்கு முளைக்கும். பயறுவகைத் தீவனமான முயல்மசாலையும் சேர்த்து விதைத்தால் இடைவெளி நிரம்பும், தீவனத்தில் புரதமும் கூடும். அதன் விதைத்தோல் கடினமானது, ஆகவே 80 டிகிரி வெந்நீரில் நான்கு நிமிடம் இட்டு, பின்னர் இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் ஊறவைக்க வேண்டும். சாலையோரங்களில் பார்த்தீனியத்தை அடக்கத் தகரைச் செடியை விதைப்பதுண்டு. கால்நடைகள் அதை விரும்பி மேய்வதில்லை, எனவே மேய்ச்சல் காட்டுக்குள் அது வேண்டாம்.

கடினமான வேலை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. முதல் பருவத்தில் புல் பூத்து விதை உதிர்க்கும் வரை அந்தப் பகுதிக்குள் ஓர் ஆட்டைக்கூட விடக் கூடாது. 4 ஏக்கரையும் ஒரே ஆண்டில் விதைத்தால் மந்தைக்குப் போக்கிடம் இராது. ஆகவே கிளுவை வேலியால் பிரித்து, ஓர் ஏக்கரில் தொடங்குங்கள். அடுத்த பருவம் முதல் மாடுகளை முதலிலும், அடிவரை கடித்து மேயும் செம்மறிகளைப் பின்னரும் விட்டு, புல் அரைச் சாண் உயரத்துக்கு இறங்கும்போதே அடுத்த பகுதிக்கு மாற்றிவிடுங்கள். கோடையில் இந்த ஒழுங்கைக் காப்பது சிரமம். தீவனத்தை விலைக்கு வாங்க நேர்ந்தாலும் காப்பது நல்லது என்பதே என் கருத்து.

புதைந்த விதைகள் ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால், புல் அடர்ந்த பிறகும் தப்பி எழும் செடிகளை ஒவ்வொரு மழைக்குப் பின்னும் பார்த்துப் பிடுங்க வேண்டியிருக்கும். காட்டு வாசல், தண்ணீர்த்தொட்டியின் சுற்றுப்புறம், ஆடுகள் அடையும் வெள்வேல மரத்தடி போன்ற மிதிபடும் இடங்களில் எந்தப் புல்லும் நிலைக்காது. அங்கே கையால் பிடுங்குவதே வழி.