வெள்ளிக் கம்பி பதித்த சீனக் கெண்டி: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சீனத்து மண் தேநீர்க் கெண்டியில் வெள்ளிக் கம்பி பதித்த வேலைப்பாடு பார்த்தேன். சூளைச் சூட்டில் வெள்ளி உருகிவிடாதா?

பதில்: வெள்ளி சூளைக்குள் போவதே இல்லை. ஜியாங்சு மாகாணத்து யீஷிங்கில் கிடைக்கும் ‘ட்ஸீஷா’ மண் 1,100 முதல் 1,200 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் வேகும். வெள்ளியோ 962 டிகிரியிலேயே உருகிவிடும். அதனால் பச்சை மண் பாதி காய்ந்து, நகம் பதியாத அளவுக்கு இறுகியதும், கம்பி பதியும் பள்ளமான காடியை மட்டும் வெட்டிவிட்டுச் சுடுவார்கள். காய்ந்து வெந்து முடிப்பதற்குள் மண் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்கும். காடியும் கூடவே சுருங்கும். கம்பியின் கனத்தை அளந்து அதே அகலத்துக்குக் காடி வெட்டினால், சுட்ட பிறகு கம்பி உள்ளே இறங்காது. புதிதாகக் கற்பவர்கள் சறுக்கும் இடம் இதுதான்.

காடியின் அடி, வாயைவிடச் சற்று அகலமாக இருக்க வேண்டும். கம்பியை நெருப்பில் காட்டி இளக்கி, கெண்டியை மணல் பையில் சாய்த்து வைத்து, மொக்கை உளியும் சிறு சுத்தியலுமாகத் தட்டி இறக்குவார்கள். மெத்தென்ற வெள்ளி அடியில் பரவிக் கவ்விக்கொள்ளும். கம்பி மேலே மயிரிழை துருத்தி நிற்கும்படி விட்டு, அரத்தால் ராவி, மெல்லிய உப்புத்தாளால் சமன் செய்ய வேண்டும். அரம் கம்பியைத் தாண்டினால் வெள்ளித்தூள் மண்ணில் ஏறி, கோட்டின் இருபுறமும் சாம்பல் நிறத்தில் அழுக்குப் படிந்ததுபோல் ஆகிவிடும். கடையில் வாங்கும்போது முதலில் அதைப் பாருங்கள்.

கேள்வி: வெந்நீர் ஊற்றினால் ஓரிடத்தில் கம்பி மேலே எழும்புகிறது. ஃபெவிக்விக் போட்டு ஒட்டலாமா?

பதில்: வேண்டாம். 10 செ.மீ. கம்பி 75 டிகிரி சூடேறினால் சுமார் 0.14 மி.மீ. நீளும். சுட்ட மண் நீள்வது அதில் பாதிகூட இராது. போக இடமில்லாத கம்பி மேல்நோக்கித்தான் வளையும். காடி அடியில் விரிந்திருந்தால் கம்பி அங்கேயே அடங்கிக் கிடக்கும். நேர்ச் சுவராக வெட்டி, கம்பியைப் பசையில் ஒட்டிய மலிவுச் சரக்கில்தான் இந்தத் தொல்லை அதிகம். பசை வெந்நீரில் நாளடைவில் விட்டுப்போகும். போதாததற்கு நுண்துளை மண்ணில் ஊறிக் கறையாகவும் நிற்கும்.

கெண்டி ஆறியபின் மரக்குச்சியின் மழுங்கிய முனையால், கம்பி இறுகியிருக்கும் பக்கத்திலிருந்து எழும்பிய இடத்தை நோக்கி அழுத்தி வாருங்கள். நகைப் பட்டறைக்குக் கொண்டுபோனால், “பற்றவைக்க வேண்டாம், தட்டினால் போதும்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஊதுகுழாய் நெருப்பு ஓரிடத்தில் பட்டால் மண் விரிசல் விடும். இனிமேல் முதலில் வெதுவெதுப்பான நீரால் கழுவிவிட்டுக் கொதிநீர் ஊற்றுங்கள்.

கேள்வி: வெளியே முழுக்க வெள்ளீயத் தகடு போர்த்திய பழைய கெண்டி ஒன்று விலைக்கு வருகிறது. அதில் தேநீர் குடிக்கலாமா?

பதில்: சிங் வம்சத்து தாவ்குவாங் காலத்தில் (1821–1850) ஜூ ஜியன் என்ற கலைஞர் புகழாக்கிய பாணி இது. உள்ளே ட்ஸீஷா மண், வெளியே வெள்ளீயத் தகட்டில் கவிதையும் பூவும் கீறியிருக்கும். மூக்கும் கைப்பிடியும் ‘ஜேட்’ எனும் பச்சைக்கல்லில். காகிதம் ஒட்டிய இரண்டு பலகைகளுக்கு நடுவே உருகிய வெள்ளீயத்தை ஊற்றி நசுக்கினால் தகடு கிடைக்கும். அதைக் கத்தரித்துக் கெண்டியில் சுற்றி, மூட்டுகளைப் பற்றவைப்பார்கள்.

பழைய தகட்டிலும் பற்றவைத்த மூட்டுகளிலும் காரீயம் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். மூக்கின் அடிமூட்டிலோ மூடியின் உட்புறத்திலோ உலோகம் தெரிந்தால் அலமாரியில் வையுங்கள். எலுமிச்சைத் தேநீரை அதில் ஊற்றவே கூடாது. புளிப்பு காரீயத்தைக் கரைக்கும். அடுப்பிலும் வைக்காதீர்கள். நம் ஈயச் சொம்பைப் போலவே, உள்ளே நீர் வற்றினால் 232 டிகிரியில் வழிந்துவிடும்.

கேள்வி: பீங்கான் கிண்ணத்தில் பித்தளைக் கவ்விகள் வரிசையாக இருக்கின்றன. அலங்காரமா, ஒட்டா?

பதில்: ஒட்டு வேலையாகப் பிறந்து அலங்காரமாகவும் வளர்ந்தது. வைர முனைத் துரப்பணத்தால் விரிசலின் இருபுறமும் துளை போடுவார்கள். துளை மறுபுறம் எட்டவே கூடாது. சுவர்க் கனத்தில் பாதி அல்லது சற்றுக் கூடுதல் போதும். கவ்வியின் இரு கால்களுக்கும் இடையிலான தூரம், துளைகளுக்கு இடையிலான தூரத்தைவிட ஒரு மயிரிழை குறைவாக இருந்தால்தான் விரிசலை இழுத்துப் பிடிக்கும். அளவு மிகவும் குறைந்தால் துளையின் உதடு பெயரும். பிறகு முட்டை வெள்ளைக்கருவில் குழைத்த நுண்தூளால் அடைப்பார்கள். “வைர முனை இல்லாவிட்டால் பீங்கான் வேலையை ஏற்காதே” என்பது சீனப் பழமொழி. டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இப்படிக் கவ்வி போட்ட சீனாவின் லோங்சுவான் ஊர்ப் பச்சை மெருகுக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. கவ்விகளே அதற்குப் பெருமை.

கேள்வி: கறுத்த வெள்ளிக் கம்பியை எப்படித் துலக்குவது?

பதில்: உலர்ந்த மெல்லிய துணியால் கோட்டின் போக்கிலேயே தேயுங்கள். வெள்ளி துலக்கும் திரவம், பற்பொடி, சபீனா எதுவும் ஆகாது. மெருகில்லாத மண் அவற்றை உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த தேநீரில் வாடை வரும். மைக்ரோவேவில் வைக்கக் கூடாது.