எரிமலைத் தீவுக்கு மணிவிழாப் பயணம்

கேள்வி: சென்ற தை மாதம் என் கணவருக்கு மணிவிழா நடந்தது. எங்கள் இருவரையும் கிரேக்க நாட்டின் சான்டோரினித் தீவுக்கு அனுப்பிவைக்க மகன் விரும்புகிறான். புதுமணத் தம்பதிகள் போகிற ஊருக்கு இந்த வயதில் போவதா என்ற உறவினர் கேலி ஒருபுறமிருக்க, எரிமலையை நினைத்தால் அச்சமாக இருக்கிறது. எனக்கு மூட்டுவலி வேறு, இருவரும் சைவம். போகலாமா?
‍– வாசகி, காரைக்குடி

பதில்: தாராளமாகப் போய்வாருங்கள், ஆச்சி. ஏறத்தாழ 3,600 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த எரிமலைப் பெருவெடிப்பில் தீவின் நடுப்பகுதி கடலுக்குள் அமிழ்ந்துவிட, எஞ்சிய செங்குத்தான விளிம்பின்மேல்தான் ஃபிரா, ஓயா ஆகிய ஊர்கள் அமைந்துள்ளன. கடைசியாக எரிமலை சீறியது 1950இல், எதிரிலுள்ள நேயா கமேனித் தீவில். 2025 பிப்ரவரியில் தொடர் நிலநடுக்கங்களால் ஆயிரக்கணக்கானோர் தற்காலிகமாக வெளியேறியதும் உண்மையே என்பதால், பயணச்சீட்டு எடுக்குமுன் நிலவரத்தை விசாரிக்கும்படி மகனிடம் சொல்லுங்கள்.

எரிமலையைவிட உங்களுக்குப் பகை படிக்கட்டுகளே. படங்களில் மயக்கும் பாறைச்சரிவு விடுதிகள் பலவற்றில் தெருவுக்கு வரவே படியேற வேண்டும். ஆகவே கிழக்குக் கரையில் சமதரையிலுள்ள கமாரியில் தங்கி, வாடகைக் காரில் மேலே சென்று வருவது நல்லது. ஃபிராவிலிருந்து பழைய துறைமுகத்துக்கு இறங்க 588 படிகள் உள்ளன. அங்கே கழுதைச் சவாரி வேண்டாம் (அவையும் பாவம்), ரோப் கார் இருக்கிறது. ஜூலை, ஆகஸ்டு நெரிசலைத் தவிர்த்து மே மாதம் செல்லுங்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

அந்திச் சூரியனுக்காக ஓயாவில் இடிபட்டு நிற்பதைவிட, அரை நாளை அக்ரோத்திரி என்ற பண்டைய ஊருக்கு ஒதுக்குவதே என் விருப்பம். 1967இல் தொல்லியலாளர் மரினாதோஸ் அகழத் தொடங்கிய அவ்வூரில், சாம்பலில் புதைந்த மாடி வீடுகளையும் பெரிய மண்சாடிகளையும் கூரையின்கீழ் அமைந்த நடைபாதையிலிருந்தே பார்க்கலாம். பகலில் ஓயாவின் பழைய கப்பல் தலைவர்களின் மாளிகைகளையும் பாருங்கள். 1956 நிலநடுக்கத்தில் ஓயா பெரிதும் சிதைந்தபோதும் எஞ்சியவை, கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து வணிகம் செய்யப் போய் ஈட்டியதை வீடாக எழுப்பிய நம் செட்டிநாட்டுப் பக்கத்தாருக்கு அந்நியமாகத் தோன்றா.

உணவுக்குக் கவலையில்லை. ஃபாவா என்பது அத்தீவில் விளையும் மஞ்சள் பருப்பை வேகவைத்து மசித்து, ஆலிவ் எண்ணெயும் வெங்காயமும் சேர்த்துத் தருவது. சில கடைகளில் அதன்மேல் ஆக்டோபஸ் துண்டுகளை வைத்துவிடுவார்கள் என்பதால், மீன், இறைச்சி எதுவும் கூடாதென்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.