பட்டறைக் கேள்வி பதில்: வலது செயின் மட்டும் ஏன் சோர்ந்துபோகிறது?

கேள்வி: போன தை மாதம், செயின் வைத்த சின்ன லோடர் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். ஹவர் மீட்டர் 4,100 காட்டுகிறது. ஒடுகத்தூர் பக்கம் நிலம் சமன் செய்ய ஓட்டுகிறோம். காலையில் நன்றாகப் போகிறது. வெயில் ஏறியதும் வலது பக்கம் இழுவை குறைந்து, நேராக விட்டாலும் வண்டி வலது பக்கமே திரும்புகிறது, மேடும் ஏறுவதில்லை. பம்ப் போய்விட்டது, மாற்றுங்கள் என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா அண்ணே? (அணைக்கட்டு வாசகர்)

பதில்: அவசரப்படாதீர்கள். பம்பாகவும் இருக்கலாம், ஆனால் அதை இன்னும் யாரும் சோதித்துப் பார்க்கவில்லையே. பம்ப் தள்ளும் ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தத்தில்தான் மோட்டார் செயினைச் சுற்றுகிறது. சூடானபின் சோர்கிறது என்றால் உள்ளே எங்கோ தேய்ந்து அந்த எண்ணெய் கசிகிறது. காலையில் எண்ணெய் கெட்டியாக இருப்பதால் ஓட்டிவிடுகிறது, சூட்டில் தண்ணியாகிவிட்டால் அழுத்தம் நிற்பதில்லை. தேய்ந்தது பம்பா, செயினைச் சுற்றும் மோட்டாரா என்பதுதான் விஷயம். நல்லவேளையாக உங்கள் வண்டியில் பக்கத்துக்கு ஒரு பம்ப், ஒரு மோட்டார் என்று எல்லாமே இரண்டிரண்டு, இடதை வைத்தே வலதைச் சோதித்துவிடலாம்.

முதலில் காசில்லாத வேலை. இரண்டு செயினும் ஒரே அளவு தொய்வில் இருக்கிறதா, ரோலருக்குள் கூழாங்கல் ஏதும் சிக்கியிருக்கிறதா பாருங்கள். ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு இரண்டு பக்க ஹப்பிலும் (செயினைச் சுற்றும் பல்சக்கரத்தின் நடுப்பகுதி) டெம்பரேச்சர் கன் காட்டுங்கள் (கொரோனாவின்போது நெற்றியில் காட்டினார்களே, அது உடம்புச் சூட்டுக்கு மட்டும்தான், பட்டறைக்கானது வேறு). வலது ஹப் மட்டும் கொதித்தால் பிரேக் முழுசாக விடவில்லை, அல்லது உள்ளே பேரிங்கோ கியரோ போயிருக்கிறது.

அப்புறம் ஹைட்ராலிக் ஃபில்டரைக் கழற்றி, தூக்கிப் போடாமல், அறுத்து மடிப்பை விரித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். கொஞ்சம் கறுப்புத் தூள் என்றால் பயமில்லை. பித்தளை மாதிரி மஞ்சளாக மினுமினுத்தால் பம்புக்கோ மோட்டாருக்கோ உள்ளே பிஸ்டனின் அடியில் இருக்கும் ஷூ தேய்கிறது, அத்தோடு வண்டியை நிறுத்திவிடுங்கள், ஓட்ட ஓட்ட அந்தத் தூள் நல்ல பக்கத்தையும் தின்றுவிடும்.

மினுமினுப்பு இல்லையென்றால்தான் அடுத்த வேலை. இன்ஜினை அணைத்து, அழுத்தத்தை இறக்கி, பம்பிலிருந்து மோட்டாருக்குப் போகும் ஹோஸ்களை இடம் மாற்றுங்கள், இடது ஜோடியை வலதுக்கு, வலது ஜோடியை இடதுக்கு. கழற்றிய வாய்களைப் பாலிதீனால் கட்டிவையுங்கள், ஒரு சிட்டிகை மண் போதும் எல்லாவற்றையும் கெடுக்க. இப்போது லீவர் மாறித்தான் வேலை செய்யும், காலி இடத்தில் மெல்ல ஓட்டுங்கள். சோர்வு இடது செயினுக்குத் தாவினால் மெக்கானிக் சொன்னது சரி, பம்பு பக்கம்தான் கோளாறு. அப்போதும் அந்தப் பக்க ரிலீஃப் வால்வை (அழுத்தம் எல்லை மீறினால் திறந்துவிடுவது) மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டுப் பம்பில் கைவையுங்கள். வலதிலேயே நின்றால் பம்பைத் தொடவே வேண்டாம், மோட்டார்தான். குடியாத்தத்தில் ஒருவர் இதைப் பார்க்காமல் பம்பை மாற்றினார், மூன்றே வாரத்தில் பழைய சோர்வு திரும்பியது, கடைசியில் பார்த்தால் மோட்டார்.

மோட்டாருக்குள் கசியும் எண்ணெயைத் தொட்டிக்குத் திருப்பும் குழாய், அதாவது கேஸ் டிரெயின் வழியில் சில வண்டிகளில் விரல் அளவுக்கு ஒரு குட்டி ஃபில்டர் இருக்கும். பழைய வண்டி வாங்குகிறவர்கள் பலருக்கு அது இருப்பதே தெரியாது. அது அடைத்தால் ஷாஃப்ட் சீல் பிய்த்துக்கொண்டு எண்ணெய் கியர் பெட்டிக்குள் போய்விடும். கியர் ஆயில் அளவு தானாக ஏறியிருந்தால் அதுதான் காரணம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன், ஹோஸில் ஊசித்துளை கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள், அட்டைப்பெட்டித் துண்டைப் பிடித்துப் பாருங்கள். அந்த எண்ணெய் தோலுக்குள் பாய்ந்துவிட்டால் வெளியே முள் குத்தின மாதிரிதான் தெரியும், முதலில் வலிகூட அவ்வளவாக இருக்காது. மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு வேலைக்குத் திரும்பினால் விரலே போகலாம். அதே மணிநேரத்தில் வேலூர் சி.எம்.சி. மாதிரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: பக்கெட் தூக்குகிறது, ஆனால் இரண்டு செயினும் அசையவில்லை. (ஆற்காடு வாசகர்)

பதில்: பக்கெட்டுக்குப் பொதுவாகத் தனி பம்ப், அதனால் அது தூக்குவதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. சீட் பாரை (ஓட்டுபவர் மடிமேல் இறக்கும் பாதுகாப்புக் கம்பி) இறக்கியதும், பிரேக்கை விடுவிக்கும் மின்காந்தமான பிரேக் சொலினாய்டு காயிலின் நட்டருகே ஸ்க்ரூடிரைவர் நுனியைக் கொண்டுபோங்கள். காந்தமாக ஒட்டிப் பிடித்தால் கரண்ட் வருகிறது, அடுத்து சார்ஜ் பிரஷரை (செயின் பம்புகளுக்கு எண்ணெய் ஊட்டும் அழுத்தம்) கேஜ் வைத்துப் பாருங்கள். ஒட்டவில்லையென்றால் வயர், ஃபியூஸ், சீட் சுவிட்ச். எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.