மாட்டுக்கு சலம் சிவப்பாப் போகுது, சூடு தானோ?

கேள்வி (நீர்வேலி): என்ர ஜேர்சி கலப்பு மாடு கண்டு போட்டு மூண்டு கிழமை. முந்தநாள் தொடக்கம் சலம் ரத்தமாப் போகுது, பாலும் குறைஞ்சிட்டுது. காதுக்குள்ள உண்ணி கிடக்கு. வெங்காயம் கிண்டின கையோட தாளும் பழுதான வெங்காயமும் ஒரு கிழமையாப் போட்டனான். பக்கத்து வீட்டு ஐயா சூடு எண்டு சொல்லி இளநி பருக்கச் சொல்லுறார். என்ன செய்ய?

பதில்: தம்பி, இளநிய நீங்கள் குடியுங்கோ. மாட்டுக்கு முதல் செய்ய வேண்டியது, ஒரு கண்ணாடிப் போத்தலைக் கழுவி எடுத்து அது சலம் விடேக்க நடுவில வாறதைப் பிடிக்கிறது. தொடக்கத்தில வாறது வேண்டாம், கண்டு போட்ட மாடு எண்டபடியா கருப்பையில மிஞ்சின அழுக்கும் சேர்ந்து வந்து பேக்காட்டும். ஆட்டாமல் ரெண்டு மணித்தியாலம் வையுங்கோ. அடியில சிவப்பா மண்டி படிஞ்சு மேல தெளிஞ்சால் உண்மையான ரத்தம், சலப்பையிலயோ சிறுநீரகத்திலயோ கிருமி பிடிச்சிருக்கலாம், அப்பிடியான மாடு முதுகை வளைச்சு முக்கி முக்கிக் கொஞ்சங் கொஞ்சமா விடும். தெளியாமல் முழுக்க வெறுந்தேத்தண்ணி நிறமாவே நிண்டால் அது ரத்தமில்லை, உடம்புக்குள்ள சிவப்பணு உடைஞ்சு அதின்ர சாயம் சலத்தில இறங்குது. நீங்கள் சொல்லுறதைப் பாக்க எனக்கு இந்த ரெண்டாவதில தான் சந்தேகம்.

அப்ப ஏன் உடையுது? உங்கட மாட்டுக்கு மூண்டு காரணமும் பொருந்துது, அது தான் சிக்கல். காய்ச்சலைப் பாருங்கோ, தேர்மோமீற்றரை குதத்துக்குள்ள வைச்சுத் தான் பாக்கோணும், காதைத் தொட்டுப் பாத்துச் சொல்லேலாது. சாதாரணமா 101.5 பரனைற் அளவில இருக்கும். 104, 105க்கு மேல போய், முரசும் கண்ணுக்குள்ளயும் வெளிறி மஞ்சளடிச்சால் முதல் ஆள் உண்ணிக்காய்ச்சல், பபேசியா எண்ட கிருமியை உண்ணி கொண்டு வாறது. நாட்டு மாடு ஓரளவு தாங்கும், ஜேர்சி, பிரீசியன் கலப்பு தாங்காது, ஊசி பிந்தினால் ரெண்டு மூண்டு நாளிலயே செத்துப்போம்.

காய்ச்சல் இல்லையோ, அப்ப பொஸ்பரஸ் குறைவை யோசிக்கோணும். கண்டு போட்டு ரெண்டுக்கும் நாலுக்கும் இடைப்பட்ட கிழமையில, நல்லாப் பால் கறக்கிற மாட்டுக்குத் தான் கூட வரும், வைக்கலும் காய்ஞ்ச புல்லுமே தீனி எண்டால் இன்னும் லேசா வரும். இதுக்கு நரம்பில ஏத்துற மருந்து வேற, உண்ணிக்காய்ச்சல் ஊசி ஒண்டும் செய்யாது. பேந்து தவிடு, கனிமக் கலவை எல்லாம் ஒழுங்காப் போடோணும்.

மூண்டாவது உங்கட வெங்காயம். எங்கட பக்கத்தில கிண்டுற நேரம் கழிச்ச வெங்காயத்தைக் கடகம் கடகமா மாட்டுக்குக் கொட்டுறது வழமை தானே, ஆனா அதில இருக்கிற கந்தகச் சத்து சிவப்பணுவை உடைக்கும், ஆட்டை விட மாட்டுக்குத் தான் மோசம். திண்ட உடன காட்டாது, சில நாள் கழிச்சுத் தான் தெரியும். மூச்சும் பாலும் வெங்காயம் மணந்தால் அதையும் சந்தேகிக்கோணும். இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. கோவா இலை அளவுக்கு மிஞ்சினாலும் இதே கரைச்சல் வரும்.

காய்ச்சல் இருந்தாலும் இல்லாட்டியும் இண்டைக்கே மிருக வைத்தியரைக் கொட்டிலுக்குக் கூப்பிடுங்கோ, மாட்டை நடத்திக் கொண்டு போக வேண்டாம், ரத்தம் குறைஞ்ச மாடு வழியில விழுந்திடும். நிழல்ல கட்டி தண்ணி வையுங்கோ. ஊசியை மாட்டின்ர நிறையைப் பாத்துத் தான் போடோணும், கடையில வாங்கி நீங்களே குத்தாதேங்கோ. ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தட்டில தடவி நுணுக்குக்காட்டியில பாத்தால் உண்ணிக்காய்ச்சலோ எண்டது பிடிபடும், அதைக் கேட்டுச் செய்விக்கோ.

இன்னொண்டு, எலிக்காய்ச்சல் கிருமியாலயும் சலம் இப்பிடிப் போகும், அது ஆக்களுக்கும் தொத்தும். வெறுங்காலோட கொட்டில் கழுவாதேங்கோ, கையில வெட்டுக்காயம் கிடந்தால் உறை போடுங்கோ. காரணம் தெரியுமட்டும் பாலைச் சங்கத்துக்கு ஊத்த வேண்டாம், ஊசி போட்ட பிறகு எத்தினை நாள் நிப்பாட்டோணும் எண்டதையும் வைத்தியரிட்டயே கேட்டு வையுங்கோ.