கேட்டதும் சொன்னதும்: 108 ஆம்புலன்ஸ் மருத்துவ உதவியாளர்

உயிர் போகும் அவசரத்திலும் ஊர், தெரு, அடையாளம் என்று அடுக்கடுக்காகக் கேட்கிறீர்களே, முதலில் வண்டியை அனுப்பக் கூடாதா?
– வாசகி, விழுப்புரம்

எங்கே அனுப்புவது என்று தெரிந்தால்தானே அம்மா அனுப்ப முடியும்? பிள்ளையார் கோயிலுக்குப் பக்கத்து வீடு என்று சொல்பவர்கள், தங்கள் ஊரில் எத்தனை பிள்ளையார்கள் குடியிருக்கிறார்கள் என்பதை அந்தப் பதற்றத்தில் மறந்துவிடுகிறார்கள். ஒருவரைத் தெருமுனையில் நிறுத்தி, நோயாளி சாப்பிடும் மாத்திரைகளை எடுத்து வைத்தால், எங்கள் வேலையில் பாதி முடிந்துவிடும். மயங்கிக் கிடப்பவரின் வாயில் தண்ணீரோ காப்பியோ ஊற்றினால் அது மூச்சுக்குழாய்க்குள் இறங்கக்கூடும். வலிப்பு வந்தவரின் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் ஒரு பயனும் இல்லை. வலிப்பு நின்றதும் அவரை ஒருக்களித்துப் படுக்க வைப்பதே உதவி. (அந்தச் சாவிக்கொத்தைத் தேடிக்கொண்டு பிறகு எங்கள் வண்டிக்குள் வருவார்கள்.)

சைரன் ஒலித்தும் வழிவிடாதவர்களைக் கண்டால் கோபம் வராதா?
– வாசகர், மதுரை

வரும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, ஆம்புலன்ஸுக்கு ஒதுங்காதவருக்கு 10,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால், நல்ல பிள்ளையாக ஒதுங்கிவிட்டு, அடுத்த நொடியே எங்கள் பின்னால் ஒட்டிக்கொண்டு சிக்னலைக் கடக்கும் இருசக்கர வாகனக்காரர்களைப் பார்த்தால்தான் எனக்கு அதிகப் பயம். நாங்கள் திடீரென பிரேக் பிடித்தால், அவர்களையும் ஏற்றிச்செல்ல வண்டியில் இடம் இருக்காது.