புரதத்தில் ஒரு பாஸ்பேட் ஒட்டுவதற்கும் இன்ஃப்ளமசோம் (ஆபத்தை உணர்ந்து செல்லுக்குள் அழற்சியைக் கிளப்பிவிடும் புரதக் கூட்டம்) கிளம்புவதற்கும் என்ன சம்பந்தம்?

பைரின் என்ற புரதத்தை வைத்துச் சொல்கிறேன். பாடநூல்களில் என்.எல்.ஆர்.பி.3 என்ற இன்னொரு இன்ஃப்ளமசோம் புரதத்துக்குத்தான் முதல் மரியாதை. ஆனால் அதன்மேல் பாஸ்பேட், யுபிக்விட்டின் (ஒரு குட்டிப் புரதம்) என்று ஏகப்பட்டவை ஒட்டுவதால் புதிதாகப் படிப்பவருக்குத் தலை சுற்றும்.

பைரின் நம் வெள்ளணுக்களில் இருக்கிறது. அதன் 208, 242-ஆம் இடங்களில் உள்ள செரின் என்ற அமினோ அமிலங்களில் பி.கே.என். என்ற நொதி பாஸ்பேட்டை ஒட்டிவைக்கும். அங்கே 14-3-3 என்ற புரதம் (பெயரே அப்படித்தான்!) வந்து பிடித்துக்கொள்ளும். அதுவரை பைரின் கப்சிப். பி.கே.என்.-ஐ வேலை வாங்குவது ரோ-ஏ என்ற இன்னொரு புரதம்.

இப்போது குடலைத் தாக்கும் க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் வருகிறது. அதன் நச்சு, ரோ-ஏ மேல் ஒரு குளுக்கோஸை ஒட்டி அதை முடக்கிவிடும். பி.கே.என். ஓய்ந்துபோகும், பாஸ்பேட் கழன்றுவிடும், 14-3-3 விலகிவிடும். விடுபட்ட பைரின்கள் ஒன்றுகூடி இன்ஃப்ளமசோமாகி, காஸ்பேஸ்-1 என்ற வெட்டும் நொதியைக் கிளப்புகின்றன. அது காய்ச்சலையும் அழற்சியையும் தூண்டும் இன்டர்லூகின்-1 பீட்டாவை நறுக்கித் தயார் செய்கிறது. காஸ்டெர்மின் டி என்ற புரதத்தையும் வெட்டி, செல் சவ்வில் ஓட்டை விழவைக்கிறது. ஆக, பைரின் கிருமியைப் பார்ப்பதே இல்லை. கிருமி செய்த சேட்டையைத்தான் மோப்பம் பிடிக்கிறது. 2014-இல் சீனாவின் ஃபெங் ஷாவோ குழு இதைக் காட்டியது.

பிளேக் கிருமி இன்னும் கில்லாடி. அதுவும் ரோ-ஏ-வை முடக்கும். ஆனால் மாட்டிக்கொள்ளாமல் இருக்க யாப்-எம் என்ற புரதத்தை அனுப்பி, பி.கே.என்.-ஐப் பைரின் பக்கம் இழுத்துவந்து பாஸ்பேட்டை ஒட்டவைத்துவிடும்.

பைரின் மரபணு பிசகினால் இந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடும். துருக்கியர், ஆர்மீனியர், யூதர், அரபியரிடம் அதிகம் காணப்படும் மத்தியதரைக்கடல் குடும்பக் காய்ச்சல் அப்படி வருவதுதான்: கிருமியே இல்லாமல் காய்ச்சலும் வயிற்றுவலியும் வந்து, இரண்டு மூன்று நாளில் தானாக அடங்கும். 242-இல் செரினுக்குப் பதில் ஆர்ஜினின் என்ற வேறு அமினோ அமிலம் வந்துவிட்டால் பாஸ்பேட் ஒட்ட இடமே கிடையாது. அது தோலைப் புண்ணாக்கும் வேறொரு நோய்.

இந்தக் குடும்பக் காய்ச்சலுக்கு 1972-இலிருந்து கொடுத்துவரும் மருந்து கால்சிசின். அது செல்லின் நுண்குழல்களைக் கலைக்கும்போது ரோ-ஏ தூண்டப்படுகிறது, பி.கே.என். திரும்ப பாஸ்பேட் ஒட்டத் தொடங்குகிறது. பலன் தெரிந்து பல வருடம் கழித்துத்தான் இந்தக் காரணம் பிடிபட்டது. அப்புறம், நம்மூர் மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் செங்காந்தளை, அதாவது கண்வலிக்கிழங்கை, விதைக்காகப் பயிரிடுவது இந்தக் கால்சிசினுக்காகத்தான். மருந்துச்செடி என்று நம்பி யாரும் கிழங்கைத் தின்றுவிட வேண்டாம், உயிரையே எடுத்துவிடும்.