பழுதான கைக்கடிகாரத்தைக் கடல் கடந்து திருப்பியனுப்புவதற்கு முன்

கேள்வி: வெளிநாட்டு விற்பனையாளர் ஒருவரின் இணையதளத்தில் ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம் ஒன்றைக் கடன் அட்டை மூலம் வாங்கினேன். அது என் கைக்கு வந்து 68 நாள்கள் ஆகின்றன. மூன்றாவது வாரத்திலேயே நாளொன்றுக்கு நான்கு நிமிடம் வேகமாக ஓடத் தொடங்கியது. 100 மீட்டர் வரை நீர் புகாது என்று விளம்பரத்தில் சொல்லியிருந்தும், கை கழுவியதற்கே கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்தது. விற்பனையாளர் முதலில் ஒரு காணொளி கேட்டார், அனுப்பினேன். வேறு கோணத்தில் இன்னொன்று கேட்டார், அதையும் அனுப்பினேன். இப்போது என் செலவில் திருப்பியனுப்ப வேண்டும் என்றும், அவர் நாட்டில் சுங்க வரி விதித்தால் அதையும் நானே கட்ட வேண்டும் என்றும், பொட்டலத்தில் ‘அன்பளிப்பு’ என்று எழுதி மதிப்பைக் குறைத்துக் காட்ட வேண்டும் என்றும் சொல்கிறார். இல்லையென்றால் விலையில் கால் பங்கைத் தருவதாகவும், அதைப் பெற்றுக்கொண்டு புகாரை முடித்துக்கொள்ளும்படியும் கேட்கிறார். எந்தத் தகராறும் தங்கள் நாட்டு நீதிமன்றத்தில்தான் தீர்க்கப்படும் என்று அவருடைய நிபந்தனைகளில் உள்ளது. அருகிலுள்ள கடிகாரப் பழுதுபார்ப்பவர் பின்மூடியைத் திறந்து பார்த்துச் சொல்கிறேன் என்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: நீங்கள் கேட்டிருப்பவற்றில் மிக அவசரமானது எது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுங்க வரியும் நீதிமன்ற அதிகார வரம்பும் பொறுத்துக்கொள்ளும். உங்கள் கடன் அட்டையின் காலவரம்பு பொறுத்துக்கொள்ளாது. வாங்கிய பொருள் பழுதானது அல்லது விவரித்தபடி இல்லை என்ற காரணத்துக்காகப் பணத்தைத் திரும்பக் கோரும் முறையை வங்கிகள் சார்ஜ்பேக் என்கின்றன. முன்னணி அட்டை நிறுவனங்களான வீசா, மாஸ்டர்கார்டு ஆகியவற்றின் விதிகளில், இத்தகைய கோரிக்கைக்குப் பொதுவாகப் பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து 120 நாள்கள் தரப்படுகின்றன. உங்களுக்கு 68 நாள்கள் போய்விட்டன. காணொளி கேட்பது, மேலிடத்தில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்பது, வேறொரு அலுவலரிடம் புகாரை மாற்றுவது என்று நாள்கள் நகர்வதெல்லாம் விற்பனையாளரின் கணக்கில் இலாபம். உங்கள் கணக்கில் அது மீளாத இழப்பு. இப்படி நான்கு மாதம் பொறுமையாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்துவிட்டு, 121ஆம் நாளுக்குப் பிறகு வழக்கறிஞரைத் தேடி வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வேதனையாக இருக்கிறது. அவர்கள் பக்கம் நியாயம் முழுமையாக இருந்தும், அதை எளிதாக நிறைவேற்றக்கூடிய ஒரே வாயில் அப்போது மூடப்பட்டிருக்கும். எனவே இன்றே உங்கள் வங்கியைத் தொடர்புகொண்டு, அவர்கள் கணக்கில் கடைசி நாள் எது என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். பேபால் வழியாகப் பணம் செலுத்துபவர்களுக்குப் பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாள்கள் உண்டு. ஆனால் தகராறைத் தொடங்கிய பின் 20 நாள்களுக்குள் அதை முறையான கோரிக்கையாக உயர்த்தாவிட்டால் அது தானாகவே முடிந்துவிடும், மறுபடி திறக்க முடியாது.

இந்த வழியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. பெரும்பாலோர் தடுக்கி விழுவது இதில்தான். பொருளை விற்பனையாளருக்குத் திருப்பியனுப்பியிருக்க வேண்டும், அல்லது திருப்பியனுப்ப முயன்றிருக்க வேண்டும் என்று வங்கி எதிர்பார்க்கும். ‘அல்லது’ என்ற சொல்லுக்குப் பிறகு வருவதைக் கவனியுங்கள். கடிகாரத்தைத் திரும்பத் தரத் தயார் என்று நீங்கள் தெளிவாக எழுதி, எந்த முகவரிக்கு, யார் செலவில், எந்த கூரியர் மூலம் அனுப்ப வேண்டும் என்று கேட்டு, அதற்கு விற்பனையாளர் பதில் தராமலோ நியாயமற்ற நிபந்தனை விதித்தோ தட்டிக்கழித்தால், அந்தக் கடிதப் போக்குவரத்தே நீங்கள் முயன்றதற்குச் சான்று. மாறாக, ‘இது மோசடி, பணத்தைக் கொடு’ என்று இருபது கடிதம் எழுதியிருந்தாலும், ‘திருப்பித் தருகிறேன்’ என்ற ஒரு வரி அவற்றில் இல்லாவிட்டால் வங்கி உங்கள் கோரிக்கையை நிராகரிக்க இடமுண்டு. விற்பனையாளருக்கு அவருடைய மொழியில் இந்தப் பொருளில் எழுதுங்கள்: “இன்ன தேதியில் நான் பெற்ற கைக்கடிகாரம் நாளொன்றுக்கு நான்கு நிமிடம் பிழையாக ஓடுகிறது, அதனுள் ஈரம் புகுந்துள்ளது. இது உங்கள் விவரிப்புக்கு மாறானது. நான் இப்பொருளை ஏற்க மறுத்து, முழுத் தொகையையும் திரும்பக் கோருகிறேன். கடிகாரத்தைத் திருப்பியனுப்ப இப்போதே தயாராக இருக்கிறேன். பெறுபவரின் முழு முகவரியையும், முன்கட்டணம் செலுத்தப்பட்ட அனுப்புச் சீட்டையும் பத்து நாள்களுக்குள் அனுப்புங்கள்.” இதைத் தொலைபேசியிலோ அரட்டைப் பெட்டியிலோ சொல்லாமல் மின்னஞ்சலில் சொல்லுங்கள். ஏற்கெனவே அரட்டையில் பேசியிருந்தால், அந்தப் பக்கங்களைப் படமெடுத்துத் தேதியுடன் சேமித்து வையுங்கள்.

பழுதுபார்ப்பவரிடம் பின்மூடியைத் திறக்கச் சொல்ல வேண்டாம். அவர் எவ்வளவு தேர்ந்தவராக இருந்தாலும், மூடியைத் திறந்த மறுகணமே ‘ஈரம் அப்போதுதான் புகுந்தது, இரப்பர் வளையத்தை அவர்தான் கெடுத்தார்’ என்ற வாதத்தை நீங்களே விற்பனையாளருக்குக் கொடுத்தவராவீர்கள். திறக்காமலேயே அவர் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. டைம்கிராஃபர் என்ற கருவியின் மேல் கடிகாரத்தை வைத்தால், அது உள்ளிருக்கும் சக்கரத்தின் துடிப்பை ஒலியாகக் கேட்டு, நாளொன்றுக்கு எத்தனை விநாடி பிழை என்பதைத் தாளிலோ திரையிலோ காட்டும். அந்த அளவீட்டைத் தேதியிட்டு, கடிகாரத்தின் வரிசை எண்ணைக் குறித்து, கையொப்பத்துடன் அவரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். சுவிட்சர்லாந்தின் சான்றளிப்பு அமைப்பான சிஓஎஸ்சி, சராசரியாக நாளொன்றுக்கு 4 விநாடி மெதுவாகவோ 6 விநாடி வேகமாகவோ ஓடுவதைத்தான் ஏற்கிறது. சாதாரண ஆட்டோமேட்டிக் கடிகாரங்களுக்கு அத்தனை கடுமை கிடையாது என்றாலும், நான்கு நிமிடம், அதாவது 240 விநாடி என்பது எந்த அளவுகோலிலும் பழுதுதான்.

இங்கே உங்களுக்குச் சாதகமில்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஆட்டோமேட்டிக் கடிகாரம் திடீரென்று இவ்வளவு வேகமாக ஓடினால், அதன் மெல்லிய சுருள்வில் காந்தமேறியிருக்கலாம். ஒலிபெருக்கி, கைப்பை மூடி, கணினி உறை ஆகியவற்றிலுள்ள காந்தங்களே இதற்குப் போதும். விற்பனையாளர் நிச்சயம் இதைச் சொல்வார். ஒரு திசைகாட்டியின் அருகே கடிகாரத்தைக் கொண்டுபோய் முள் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால், காந்தம் நீக்கும் கருவியால் திறக்காமலேயே சில விநாடிகளில் சரிசெய்யலாம். ஆனால் அதற்கு முன் உள்ள நிலையைப் பதிவு செய்துவிட்டு, விற்பனையாளரின் எழுத்துமூலமான சம்மதத்தோடு செய்யுங்கள். காந்தம்தான் காரணம் என்று தெரிந்தால், வேகமாக ஓடுவதை மட்டும் வைத்து முழுத் தொகையைக் கோருவது நியாயமாகாது. அப்போதும் உள்ளே படிந்த ஆவி உங்கள் பக்கம் நிற்கும். உண்மையில் உங்கள் கோரிக்கையின் வலுவான பகுதி அதுதான். கடிகாரங்களின் நீர்த்தடுப்புக்கான ஐஎஸ்ஓ 22810 என்ற பன்னாட்டுத் தரம் 2010இல் வெளியானது. 100 மீட்டர் என்று எழுதி விற்கும் கடிகாரம் கை கழுவும் நீரைத் தாங்கவில்லை என்றால், திருகுக் குமிழ் இழுத்த நிலையில் இல்லாதவரை, அதைப் பழுது என்றே கொள்ள இடமுண்டு. ஆவி ஒரு மணி நேரத்தில் மறைந்துவிடும் சான்று என்பதால், அடுத்த முறை தெரியும்போது குமிழ் உள்ளே அழுத்தியிருப்பதும் தெரியும்படி உடனே படமெடுங்கள். அதற்காக மறுபடி நீரில் நனைத்துப் பார்க்க வேண்டாம்.

இனி அவர்களுடைய நிபந்தனை. ‘எங்கள் நாட்டுச் சட்டம், எங்கள் நாட்டு நீதிமன்றம்’ என்று அச்சிட்டுவிட்டால் அத்துடன் எல்லாம் முடிந்தது என்று பொருளல்ல. நுகர்வோருக்குத் தங்கள் சட்டம் தரும் அடிப்படைப் பாதுகாப்பை ஒப்பந்த வாசகத்தால் பறிக்க முடியாது என்று பல நாடுகள் வைத்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் வால்வ் என்ற அமெரிக்க நிறுவனம், பணம் திருப்பித் தரப்படாது என்றும், தங்களுக்கு வாஷிங்டன் மாநிலச் சட்டமே பொருந்தும் என்றும் வாதிட்டது. 2016இல் அந்நாட்டு ஃபெடரல் நீதிமன்றம் அதை ஏற்காமல், ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டம் பொருந்தும் என்று சொல்லி 30 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதமும் விதித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில், விற்பனையாளர் தன் வணிகத்தை நுகர்வோர் வாழும் நாட்டை நோக்கிச் செலுத்தினாரா என்று பார்க்கிறார்கள். 2010இல் பம்மர் வழக்கில் அந்த ஒன்றியத்தின் நீதிமன்றம் தளத்தின் மொழி, காட்டப்படும் நாணயம், பன்னாட்டுக் குறியீட்டுடன் தரப்படும் தொலைபேசி எண் போன்றவற்றை அதற்கு அடையாளங்களாகக் குறிப்பிட்டது. ஆகவே, நீங்கள் வாங்கிய பக்கம் உங்கள் நாட்டு நாணயத்தில் விலை காட்டியதா, உங்கள் நாட்டுக்கு அனுப்புவதாக விளம்பரப்படுத்தியதா என்பதை இன்றே படமெடுத்து வையுங்கள். நாளை அந்தப் பக்கம் மாறிவிடலாம்.

அதே நிபந்தனை விற்பனையாளருக்கு எதிராகவும் திரும்பக்கூடும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. அவர் பிரிட்டனில் இருந்து, பிரிட்டன் சட்டமே பொருந்தும் என்று எழுதியிருந்தால், 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தை அவருக்கே சுட்டிக்காட்டி வாதிட இடமுண்டு. பழுதான பொருளை 30 நாள்களுக்குள் நிராகரிக்கும் உரிமையும், முதல் ஆறு மாதங்களில் தெரியவரும் பழுது தொடக்கத்திலேயே இருந்ததாகக் கொள்ளும் விதியும், நிராகரித்த பொருளைத் திருப்பியனுப்பும் நியாயமான செலவை வணிகரே ஏற்க வேண்டும் என்ற விதியும் அதில் உள்ளன. நீங்கள் முதல் புகாரை மூன்றாவது வாரத்தில் அனுப்பியிருந்தால், அதில் நிராகரிப்பதாகத் தெளிவாகச் சொன்னீர்களா என்று எடுத்துப் பாருங்கள். அவர் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தால், 2019ஆம் ஆண்டின் 771ஆம் எண் நெறிமுறைப்படி இரண்டு ஆண்டுப் பொறுப்பு அவருக்கு உண்டு. பழுதைச் சரிசெய்வது இலவசமாக இருக்க வேண்டும் என்றால் அஞ்சல் செலவும் அதில் அடக்கம் என்று அந்த நெறிமுறையே விளக்குகிறது. இவற்றோடு, மனம் மாறியதற்காக 14 நாள்களுக்குள் திருப்பித் தரும் உரிமையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்; அந்த வகையில் திருப்பியனுப்பும் செலவு பெரும்பாலும் வாங்கியவருடையது. உங்கள் விற்பனையாளர் வேண்டுமென்றே இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது. பன்னாட்டுச் சரக்கு விற்பனை பற்றிய 1980ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையைத் துணைக்கு அழைக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கும் பொருள்களை அதன் 2ஆம் பிரிவு விலக்கிவிட்டது.

ஆனால் உரிமை இருப்பது வேறு, தீர்ப்பை அயல்நாட்டில் நிறைவேற்றுவது வேறு. உங்கள் ஊர் நுகர்வோர் மன்றம் உங்களுக்குச் சாதகமாக உத்தரவிட்டாலும், உங்கள் நாட்டில் சொத்தோ கிளையோ இல்லாத விற்பனையாளரிடம் அதைக் கொண்டு பணம் பெறுவது ஒரு கடிகாரத்தின் விலைக்குக் கட்டுபடியாகாது. அதனால்தான் நான் அட்டையை முதலில் வைத்தேன். ஒரு பெரிய விற்பனைத்தளத்தின் வழியாக வாங்கி, அந்தத் தளத்துக்கு உங்கள் நாட்டில் அலுவலகம் இருந்தால் நிலை மாறும். அப்போது அந்தத் தளத்தையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்து வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதில் பொருளுண்டு.

‘அன்பளிப்பு’ என்று எழுதும்படி கேட்பதற்கு மறுத்துவிடுங்கள். சுங்கப் படிவத்தில் கையொப்பமிடுபவர் நீங்கள். பொய்யான அறிவிப்புக்குப் பொறுப்பும் உங்களுடையது. வழியில் பொட்டலம் தொலைந்தால், நீங்கள் எழுதிய குறைந்த மதிப்புக்குத்தான் இழப்பீடு கிடைக்கும். அஞ்சலில் பயன்படும் சிஎன் 23 படிவத்தில் ‘திருப்பியனுப்பும் பொருள்’ என்ற வகை தனியாகவே இருக்கிறது. அதைத் தேர்ந்து, உண்மையான மதிப்பை எழுதி, பழுது காரணமாக விற்பனையாளருக்கே திரும்புகிறது என்று குறிப்பிட்டு, அசல் விலைப்பட்டியலின் நகலையும், நீங்கள் இறக்குமதி செய்தபோது கிடைத்த சுங்க ஆவணத்தையும் வெளியே தெரியும் உறையில் இணையுங்கள். தன் நாட்டிலிருந்து ஏற்றுமதியாகி அதே நிலையில் திரும்பும் பொருளுக்கு வரிவிலக்குப் பெற பல நாடுகளின் சுங்கச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் அந்த விலக்கைக் கோர வேண்டியவர் அங்கே இறக்குமதியாளராக நிற்கும் விற்பனையாளர்தான். வரியை உங்கள் தலையில் கட்டுவது, அந்த விண்ணப்பத்தை நிரப்பும் சிரமத்தை அவர் தவிர்ப்பதற்காகவும் இருக்கலாம். நீங்கள் இறக்குமதி வரி கட்டியிருந்தால், பழுதான பொருளைத் திருப்பியனுப்பும்போது அதைத் திரும்பப் பெற முடியுமா என்பதை, பொட்டலம் புறப்படுவதற்கு முன்பே உங்கள் சுங்கத் துறையிடம் கேளுங்கள். புறப்பட்ட பின் கேட்டால் பொருளைக் காட்ட முடியாது. கூரியர் நிறுவனங்கள் பல, கைக்கடிகாரத்தை நகைகளோடு சேர்த்து இழப்பீட்டுக்கு உச்சவரம்பு வைத்திருக்கின்றன. காப்பீட்டு வாசகத்தைப் படித்துவிட்டு ஒப்படையுங்கள். விற்பனையாளர் தரும் முகவரி, விலைப்பட்டியலில் உள்ள முகவரியிலிருந்து வேறுபட்டால், அது தங்களுடையதே என்று அவர் எழுதித் தரும்வரை அனுப்பாதீர்கள்.

கால் பங்குத் தொகையை ஏற்பதா என்பது உங்கள் முடிவு. என் கருத்து, ஏற்க வேண்டாம். ஈரம் புகுந்த கடிகாரத்தின் உட்பாகங்கள் நாளடைவில் துருப்பிடிக்கும். அதைச் சரிசெய்ய ஆகும் செலவு அந்தக் கால் பங்கை விழுங்கிவிடக்கூடும். ஏற்பதாக இருந்தாலும், ‘முழுமையான இறுதித் தீர்வு’ என்ற வாசகத்துக்கு ஒப்புக்கொள்ளாமல், பணம் கணக்கில் வந்த பிறகே எந்தப் புகாரையும் முடியுங்கள். முதலில் புகாரை நீக்குங்கள், பிறகு பணம் தருகிறோம் என்ற கோரிக்கைக்கு ஒருபோதும் இணங்க வேண்டாம்.

இவற்றுக்கு முன், வாரண்டி அட்டையை எடுத்துப் பாருங்கள். அது கடிகாரத் தயாரிப்பாளரின் பன்னாட்டு வாரண்டியாக இருந்து, அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரின் முத்திரையும் தேதியும் அதில் இருந்தால், உங்கள் நாட்டிலுள்ள அவர்களுடைய சேவை மையத்திலேயே ஒப்படைக்க வழி இருக்கலாம். அங்கீகாரமற்ற வழியில் வந்த கடிகாரமாக இருந்தால் தயாரிப்பாளர் கைவிரிப்பார். அப்படிக் கைவிரித்ததை எழுத்தில் வாங்கி வங்கிக்குத் தரும் கோப்பில் சேருங்கள். கடிகாரமே போலி என்று அவர்கள் சொன்னால் அதைத் திருப்பியனுப்பாதீர்கள்; போலிப் பொருளைச் சுங்கத்தில் பறிமுதல் செய்யக்கூடும், வங்கியிலும் அதற்குத் தனிப் பிரிவு உண்டு.

பத்து நாள் கெடு முடிந்த மறுநாளே, விளம்பரப் பக்கத்தின் படம், விலைப்பட்டியல், டைம்கிராஃபர் அளவீடு, ஆவி படிந்த படங்கள், திருப்பித் தர முன்வந்த உங்கள் மின்னஞ்சல், அதற்கு வந்த பதில் அல்லது பதிலின்மை ஆகியவற்றைத் தேதி வரிசையில் அடுக்கி வங்கியிடம் ஒப்படையுங்கள். அதுவரை கடிகாரத்தை அணிய வேண்டாம். பெட்டி, அடையாளச் சீட்டு, கழற்றிய சங்கிலிக் கண்ணிகள் அனைத்தையும் அப்படியே வைத்திருங்கள். வங்கி நிராகரித்தால், காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு அந்தக் கடிதத்துடன் எனக்கு மறுபடி எழுதுங்கள்.